படலைக்கு அடிக்கிற குறுக்குத்தடி கூரைக்கு ஏன் வேண்டும்?

வன்னியில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஒரு படலை இருக்கும். நாலு சட்டத்தைச் சதுரமாகப் பூட்டி, அதன்மேல் தகரமோ தடியோ கம்பிவலையோ அடித்திருப்பார்கள். கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு தடி சரிவாக ஓடும். அந்தத் தடி இல்லாத படலை ஒரு மாரியைத் தாண்டாது. பிணைச்சல் இல்லாத பக்கம் தொங்கி, மண்ணில் அரைபட்டு, தூக்கித் தூக்கித் திறக்கவேண்டி வரும். கழற்றிப் பார்த்தால் ஒரு சட்டமும் முறிந்திருக்காது, ஒரு ஆணியும் வெளியே வந்திருக்காது. சதுரம் சரிந்து சாய்சதுரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான் நடந்தது.

வீட்டுக்கூரைக்கும் இதே கதைதான். படலை சரிந்தால் திரும்ப நிமிர்த்தலாம், கூரை சரிந்தால் அப்படி முடியாது. அதனால்தான் 'பிறேசிங்' என்று வேலைத்தளத்தில் சொல்லப்படும் குறுக்குக் கட்டைப் பற்றி, வீடு கட்டப்போகிற ஒவ்வொருவரும் கொஞ்சமாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். குறிப்பாக எங்கள் பக்கத்தில். 2012 ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில், 550,000 ரூபாயைக் கட்டங்கட்டமாக வாங்கி, மேசனையும் ஓடாவியையும் தாங்களே பிடித்து வீட்டைக் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வீட்டுக்காரரே மேற்பார்வையாளர். கம்பி எத்தனை, சீமெந்துக்கு மண் எத்தனை என்று அவர்கள் நன்றாகக் கேட்கப் பழகிவிட்டார்கள். கூரைக்கு மட்டும் 'ஓடாவிக்குத் தெரியும்' என்று விட்டுவிடுகிறார்கள்.

முதலில், கூரையைத் தாங்கும் ட்ரஸ் என்றால் என்ன? ஒரு வீட்டின் அகலத்துக்குக் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குப் போகும் முக்கோணச் சட்டகம் அது. இரண்டு பக்கமும் சரிந்து இறங்குபவை கைமரங்கள். அவற்றின் அடிநுனிகளை இழுத்துப் பிடிக்கும் கிடைமரம் தீராந்தி. நடுவில் முகட்டிலிருந்து இறங்குவது நடுக்கால். அதற்கு இரண்டு பக்கமும் சின்னச் சாய்வுக்கால்கள் வரும். ஓட்டின் பாரம் கைமரங்களை வெளிப்பக்கம் தள்ளப் பார்க்கும், தீராந்தி விடாது. இதனால் கைமரங்கள் எப்போதும் நெருக்குப்படுகின்றன, தீராந்தி இழுபடுகிறது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருங்கள், பின்னால் வேண்டும்.

முக்கோணம் ஏன்? மூன்று ஈர்க்கை எடுத்து முனைகளை நூலால் கட்டிப் பாருங்கள். எப்படித் தள்ளினாலும் வடிவம் மாறாது, மாறவேண்டுமென்றால் ஒரு ஈர்க்கு முறியவேண்டும். நாலு ஈர்க்கைக் கட்டினால் ஒரு விரலால் தட்டினாலே சரிந்துவிடும். காவல் பரண் கட்டுகிற விவசாயிக்கு இது கணக்குப் படிக்காமலே தெரியும். நாலு காலை நட்டுவிட்டு, உடனே ஏறமாட்டார். கால்களுக்கிடையே எக்ஸ் மாதிரித் தடி கட்டிய பிறகுதான் ஏறுவார்.

ஆக, ட்ரஸ் முக்கோணங்களால் ஆனது, பலமானது. சரி. ஆனால் எந்தத் திசையில் பலம்? ஒரு சுளகை விளிம்பில் நிமிர்த்தி வையுங்கள். மேலிருந்து அழுத்தினால் தாங்கும். கையை எடுத்தால் விழும். ட்ரஸும் அப்படித்தான். மேலிருந்து வரும் பாரத்தை அது நன்றாகச் சுமக்கும், பக்கவாட்டில் தானாக நிற்கத் தெரியாது. இருபதடி நீளமும் ஐந்தடி உயரமும் இரண்டங்குலத் தடிப்பும் உள்ள ஒரு பொருள் அது. பக்கவாட்டில் பார்த்தால் வெறும் பலகை விளிம்பு.

விழுவது ஒரு ஆபத்து. இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க ஒரு நீளமான ஈர்க்கு போதும். ஒரு முனையை மேசையில் ஊன்றி மறுமுனையை விரலால் மெல்ல அழுத்துங்கள். ஈர்க்கு நசியாது, நடுவில் வில்லாக வளைந்து வெளியே போகும். இப்போது இன்னொருவரை ஈர்க்கின் நடுவில் இரண்டு விரலால் அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அழுத்துங்கள். எவ்வளவு கூடுதலாக அழுத்தவேண்டியிருக்கிறது என்று கை சொல்லும். 18ஆம் நூற்றாண்டில் ஒய்லர் என்ற சுவிஸ் கணிதர் இதற்குக் கணக்குப் போட்டார். நெருக்குப்படும் ஒல்லியான தண்டின் பிடிப்பில்லாத நீளத்தைப் பாதியாக்கினால், அது வளையாமல் தாங்கும் பாரம் நாலு மடங்காகும். மூன்றிலொன்றாக்கினால் ஒன்பது மடங்கு. மரத்தைத் தடிப்பாக்கவில்லை, வேறு மரம் வாங்கவில்லை, நடுவில் பிடித்தோம், அவ்வளவே. கூரை வேலையில் இதைவிட மலிவாகப் பலம் கிடைக்கிற இடம் எனக்குத் தெரியாது.

கைமரம் நெருக்குப்படுகிறது என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கைமரம்தான் ஈர்க்கு. அதன்மேல் குறுக்காக ஓடி ஓட்டைத் தாங்கும் மெல்லிய மரங்களான றீப்பைகள்தான் பிடிக்கும் விரல்கள்.

இந்த இடத்தில் பல ஓடாவிமார் என்னோடு வாதாடுவார்கள். "தம்பி, அடிக்கொரு றீப்பை அடிக்கிறம். எல்லா ட்ரஸையும் அதுவே பிடிக்கும். பிறகென்ன பிறேசிங்?" நியாயமான கேள்விதான். ஆனால் பள்ளிக்கூட மதிலோரம் வரிசையாக நிறுத்தியிருக்கும் சைக்கிள்களை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நீளத் தடியில் கயிற்றால் கட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். ஒன்று சரிந்தால் மற்றவை பிடிக்குமா? தடியோடு சேர்ந்து எல்லாமாகச் சரியும். பிடிக்கிற விரலும் ஈர்க்கோடு சேர்ந்து நகர்ந்தால் அது பிடித்ததாகாது. றீப்பைகளும் ட்ரஸுகளும் சேர்ந்து கட்டங்கட்டமாக நீள்சதுரங்களைத்தான் ஆக்குகின்றன, படலையைப்போல. அந்தச் சதுரங்களில் ஒரு சிலவற்றையாவது சரிவுத்தடி போட்டு முக்கோணமாக்கினால்தான் விரல் அசையாமல் நிற்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. மாங்குளத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பொதுக்கட்டடம் ஒன்றுக்குக் கூரை ஏற்றினோம். நான் அப்போது உதவிக்கு நின்றவன். ஏழு ட்ரஸுகள், எட்டடிக்கு ஒன்று. காலையிலேயே எல்லாம் ஏற்றி நிமிர்த்தி, முகட்டில் ஒரு றீப்பையும் இரண்டு பக்கமும் இவ்விரண்டு றீப்பையும் அடித்தாயிற்று. குறுக்குமரம் கேட்டபோது, வேலையை எடுத்தவர் அது மதிப்பீட்டில் இல்லை என்றார். தேத்தண்ணிக்கு இறங்கினோம். ஆனி மாதம், கச்சான் அடிக்கிற காலம். பெரிய காற்றுக்கூட இல்லை, முற்றத்து மண்ணைக் கிளப்பிக் கண்ணில் போடுகிற அளவு ஒரு வீச்சு. ஒரு நீண்ட முனகல் கேட்டது. ஏழும் ஒன்றாக, அவசரமே இல்லாமல், கிழக்குப் பக்கம் படுத்தன. நடுவில் இரண்டு முறிந்து உள்ளே தொங்கின. ஒருவருக்கும் காயமில்லை, எல்லோரும் கீழே தேத்தண்ணியோடு நின்றோம். தேத்தண்ணி பத்து நிமிடம் பிந்தி வந்திருந்தால் இரண்டு பேர் முகட்டில் இருந்திருப்பார்கள்.

பிறகு ஏறிப் பார்த்தபோது கண்டது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. படுத்துக்கிடந்த ட்ரஸுகளுக்கு இடையே அதே எட்டடி இருந்தது. முறியாத றீப்பைகள் ஒவ்வொன்றும் தன் இரண்டு ஆணியோடு அப்படியே பூட்டிக்கிடந்தன. றீப்பை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது, இடைவெளியைக் காத்தது. சரியாமல் காப்பது அதன் வேலையல்ல.

அந்தக் குறுக்குமரத்தை எங்கே அடிப்பது? கூரையை மூன்று முகமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது சரிவு முகம், நீங்கள் வெளியே நின்று பார்க்கும் அதே சாய்வு. அதன் அடிப்பக்கத்தில், கைமரங்களின் கீழ்முகத்தோடு சேர்த்து, வீட்டின் மூலையில், சுவரின் தலையில் படுத்திருக்கும் மரமான சுவர்வளையருகே தொடங்கி முகட்டை நோக்கிச் சரிவாக ஒரு மரம் போகவேண்டும். தாண்டுகிற ஒவ்வொரு கைமரத்திலும் அது அடிபடவேண்டும். ஏறத்தாழ 45 பாகை நல்லது. ரொம்பப் படுத்துவிட்டாலோ ரொம்ப நிமிர்ந்துவிட்டாலோ பயன் குறையும். வீட்டின் இரண்டு முனையிலும், இரண்டு சரிவிலும் ஒவ்வொன்று, ஆக நாலு. நீளமான கட்டடமானால் நடுவிலும் வேண்டும். முப்பதடி வீட்டில் சரிவின் நீளம் 12 அடி என்றால், ஒரு குறுக்குமரம் 17 அடி வரும். நாலுக்கும் 68 அடி. வீட்டுக்கு வாங்கிய மரத்தில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று நீங்களே உங்கள் மரப்பட்டியலை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நடுக்கால்கள் வரிசையாக நிற்கும் நிலைக்குத்து முகம். வீட்டின் நடுவில் நின்று முகட்டுவழியே நீளப்பாட்டுக்குப் பார்த்தால் தெரியும். ஒரு ட்ரஸின் நடுக்கால் அடியிலிருந்து அடுத்த ட்ரஸின் நடுக்கால் தலைக்கு ஒரு சரிவுமரம், அதற்கு எதிராக இன்னொன்று. முனைகளில் உள்ள இடைவெளிகளில் இந்த எக்ஸ் கட்டாயம். எங்கள் ஏழு ட்ரஸுகளையும் படுக்கவிடாமல் காத்திருக்கக்கூடியது இதுதான்.

மூன்றாவது தீராந்தி மட்டம். இதைத்தான் எல்லோரும் தேவையில்லை என்று விடுவார்கள். தீராந்தி இழுபடுகிற மரம், இழுபடுகிற கயிறு வளையாது, பிறகு ஏன் பிடிக்கவேண்டும் என்பார்கள். காற்றில்லாத நாளில் அது சரி.

காற்றைப் பற்றித்தான் இனிச் சொல்லவேண்டும். கூரை பறந்தது என்று கேட்டால், காற்று உள்ளே புகுந்து தூக்கியது என்றே நினைக்கிறோம். திறந்த விறாந்தையில் அதுவும் நடக்கும். ஆனால் வெளியே கூரையைத் தாண்டி ஓடும் காற்றே மேற்பரப்பை உறிஞ்சி மேலே இழுக்கிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டருகிலும் இந்த உறிஞ்சல் மிகக் கூட. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அமுக்கம் நாலு மடங்காகும். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகக் காற்றின் அமுக்கம் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 39 கிலோ பாரத்துக்குச் சமன். 144 கிலோமீற்றரில் அது 100 கிலோ.

இப்போது கூரையின் எடையைப் பாருங்கள். ஓட்டுக்கூரை ஓடும் றீப்பையும் சேர்த்துச் சதுர மீற்றருக்கு 40 கிலோவைத் தாண்டும். தகரச் சீற் 5 கிலோகூட வராது. ஓட்டுக்கூரையைப் பல காற்றுகளில் அதன் எடையே பிடித்துவைக்கிறது. குரங்கு உடைக்கிறது, ஒழுகுகிறது என்று ஓட்டைக் கழற்றிவிட்டுச் சீற் போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், குரங்கோடு மல்லுக்கட்டுவது எவ்வளவு சலிப்பு என்று எனக்கும் தெரியும். ஆனால் ஓட்டோடு சேர்த்து இரண்டு தொன்னுக்குக் குறையாத நங்கூரத்தையும் இறக்கிவிட்டார்கள் என்பதை அறிந்து, அதற்கு ஈடாகக் கட்டவேண்டும்.

காற்று கூரையை அதன் எடையை மிஞ்சி மேலே இழுக்கும்போது ட்ரஸுக்குள் எல்லாம் தலைகீழாகிறது. நெருக்குப்பட்ட கைமரம் இழுபடும், இழுபட்ட தீராந்தி நெருக்குப்படும். இருபதடித் தீராந்தி, பக்கத்தில் பிடிப்பே இல்லாமல், இப்போது ஈர்க்காகிவிட்டது. கைமரத்தையாவது றீப்பை பிடித்திருந்தது, இதைப் பிடிக்க ஒன்றுமில்லை. அதனால்தான் தீராந்திகளின் மேல் வீட்டின் நீளத்துக்கு ஓடும் ஒன்றிரண்டு மரமும், அவை சரியாமல் முனைகளில் மூலைநோக்கிய குறுக்குமரமும் வேண்டும். சீற் கூரை என்றால் இதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலத்துக்குப் புயல் புதிதல்ல. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், அதற்கு முன் வவுனியாப் பக்கத்தைக் கடந்துதான் போனது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளிப் பக்கம் கரையேறி, வன்னியை ஊடறுத்து மன்னார்க் கடலுக்கு இறங்கியது. பெயர் வைத்த புயல்கள் ஒரு பக்கம். சித்திரை, புரட்டாதியில் பின்னேர இடியோடு வரும், பத்திரிகைகள் மினி சூறாவளி என்று எழுதுகிற அந்தப் பத்து நிமிடக் காற்றுகள்தான் வருசா வருசம் சீற்றைக் கிழிக்கின்றன.

பிறேசிங் கூரையைச் சரியாமல் வைத்திருக்கும். கூரையைச் சுவரோடு பிடிப்பது வேறு வேலை, இரண்டும் ஒன்றில்லாமல் மற்றது பயனில்லை. சீற் அதைத் தாங்கும் கிடைமரமான பட்டியலில், பட்டியல் ட்ரஸில், ட்ரஸ் சுவர்வளையில், சுவர்வளை சுவரின் மேலே சுற்றி ஓடும் கொங்கிறீற் பெல்ற்றில் என்று சங்கிலி அறாமல் கீழே இறங்கவேண்டும். பெல்ற் போடும்போதே சுவர்வளைக்கு மேல் வளைத்துப் பிடிக்கக் கம்பித் துண்டுகளையோ போல்ற்றையோ ஊன்றிவிட்டால் வேலை சுலபம். கொங்கிறீற் இறுகிய பிறகு ஞாபகம் வந்தால் துளைத்துத்தான் பூட்டவேண்டும். முல்லைத்தீவுக் கரையோரமென்றால் உப்புக்காற்று கறல் ஏற்றும், கட்டிப் பிடிக்கும் தகரப் பட்டியை நாகமுலாம் பூசியதாகவே வாங்குங்கள்.

முகப்புச் சுவரையும் மறக்கவேண்டாம். இரண்டு பக்கச் சரிவுள்ள வீட்டில் முனைகளில் முக்கோணமாக எழும்பி நிற்கும் அந்தச் சுவர், மேலே பிடிப்பே இல்லாமல் தனியே நிற்கிறது. பலமான காற்றில் முதலில் விழுவது பெரும்பாலும் அதுதான். முகட்டு வளையும் பட்டியல்களும் அதில் சும்மா தங்கியிருந்தால் போதாது, கம்பியால் பூட்டி, முனையிலுள்ள குறுக்குக் கட்டோடு சேர்க்கவேண்டும். நாலு பக்கமும் சரிவான கூரைக்கு இந்தத் தொல்லை இல்லை. மூலைகளில் ஏறும் சாய்வுமரங்களே அதற்குப் பாதிக் குறுக்குக் கட்டாகிவிடும். எங்கள் அம்மம்மாக்களின் கிடுகு வீடுகள் பல நாலு பக்கமும் சரிந்து, தாழ்வாரம் தலையில் இடிக்கிற அளவுக்குப் பதிந்து கிடந்தது காற்றை நன்றாக அறிந்த வடிவம்.

மரத்தையும் பூட்டையும் பற்றிச் சுருக்கமாக. மூன்றுக்கு இரண்டு அங்குல மரம் சாதாரண வீட்டுக் குறுக்குக்குப் போதும். நீளமான மரத்தை எங்கும் பிடிக்காமல் விட்டால் அதுவே வளையும், அதனால்தான் ஒவ்வொரு கைமரத்திலும் பூட்டச் சொன்னேன். மரத்துக்குப் பதில் கம்பியோ தகரப் பட்டியோ போடுவதானால் எக்ஸாக இரண்டு போடவேண்டும். கம்பிக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது, காற்று இரண்டு பக்கமும் அடிக்கும். வைரம் பாய்ந்த பனஞ்சலாகையிலும் பாலையிலும் முதிரையிலும் ஆணியை நேரே அடித்தால் ஆணி வளையும் அல்லது மரம் வெடிக்கும். முதலில் சின்னத் துளை போட்டு அடியுங்கள். ஓர் இணைப்புக்கு இரண்டு ஆணிக்குக் குறையக்கூடாது, முக்கியமான மூட்டுக்குப் போல்ற் பூட்டுங்கள். பொக்ஸ்பார் என்ற சதுர இரும்புக் குழாயில் வெல்டிங் செய்த ட்ரஸுக்கும் இதே விதிகள்தான். 'இரும்பு, அதுக்கென்ன' என்று பிறேசிங் இல்லாமல் ஏற்றிய மண்டபக் கூரைகளை நான் கண்டிருக்கிறேன். இரும்பு மரத்தைவிட ஒல்லியாக இருக்கும், ஒல்லியானது இன்னும் சுலபமாக வளையும்.

ஏற்றுகிற நாளில் செய்யவேண்டியது தனி. நிரந்தரக் குறுக்குக் கட்டு முடியும்வரை ட்ரஸ் தற்காலிகமாகவேனும் பிடிபட்டிருக்க வேண்டும். முதல் ட்ரஸை நிமிர்த்தியதும், தூக்குநூல் பிடித்து நேர் பார்த்து, இரண்டு பக்கமும் சரிவுக் கால் கொடுத்து நிலத்திலோ உறுதியான சுவரிலோ பூட்டுங்கள். மற்ற எல்லா ட்ரஸும் இந்த ஒன்றை நம்பித்தான் நிற்கப்போகின்றன. இரண்டாவது ஏறியதும் இரண்டுக்கும் இடையே எக்ஸ் அடித்துவிட்டுத்தான் மூன்றாவதைத் தூக்கவேண்டும். அரைகுறையாக நிற்கும் கூரையில் ஓட்டை ஒரு பக்கத்தில் மட்டும் அடுக்கவேண்டாம், இரண்டு சரிவிலும் சமமாக ஏற்றிக்கொண்டு போங்கள். பின்னேரம் வேலையை நிறுத்தும்போது 'நாளைக்கு அடிப்பம்' என்று குறுக்குமரத்தை விடவேண்டாம். காற்று நாளைவரை காத்திருக்காது.

ஏற்கெனவே கட்டி முடித்த வீடா? புரட்டாதிக்குள், மழை பிடிக்க முன்னம், ஒரு ரோச் லைற்றோடு ஏணியில் ஏறிப் பாருங்கள். சரிவாக ஓடும் மரம் எங்காவது தெரிகிறதா? முகட்டு வளையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்தால் நேராக இருக்கிறதா? நடுக்கால் ஒன்றில் தூக்குநூலைத் தொங்கவிட்டால் நூல் காலோடு ஒட்டி நிற்கிறதா, அல்லது ஒரு பக்கம் விலகுகிறதா? ஒரு ட்ரஸ் மட்டும் விலகியிருந்தால் ஏற்றும்போது வந்த பிழையாக இருக்கலாம். எல்லாம் ஒரே பக்கம் விலகியிருந்தால் கூரை நகரத் தொடங்கிவிட்டது, பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ இருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதை நீங்களாகக் கயிறு போட்டு இழுக்கவேண்டாம்.

விலகாமல் நேராக நிற்கிறது, குறுக்குமரம் மட்டும் இல்லை என்றால் ஓடாவிக்கு அது ஒரு நாள் வேலை. ஓடு கழற்றத் தேவையில்லை, எல்லாம் உள்ளிருந்தே அடிக்கலாம். சீலிங் அடிக்கிற யோசனை இருந்தால் அதற்கு முன் செய்துவிடுங்கள், பிறகு அதற்குள் ஏறுவதற்கு இடம் இருக்காது.